ஒரே வீட்டில் இரண்டு பேஸ்மேக்கர்

நீங்கள் மூன்று பேரும் திங்கட்கிழமை வேலையில் சேருகிறீர்கள். நான் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுவேன். நேரில் பார்த்துக்கொள்ள வழியில்லை. ஒப்படைக்க வேண்டியவற்றை நாற்பத்திரண்டு வரிசை எண்களோடு ஒரு கோப்பில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் எந்தப் பிளக்கில் சோதனைக் கருவியைச் செருகக் கூடாது, அச்சுத் தாள் தீர்ந்தால் யாரிடம் கேட்பது, பனி இறங்கிய நாட்களில் வெளியூர்க்காரர்கள் எத்தனை மணிக்கு வந்து சேருவார்கள் எல்லாம் அதில் இருக்கிறது.

அந்தக் கோப்பில் போடாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். வரிசை எண் கொடுத்துப் பார்த்தேன், அடங்கவில்லை.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. இந்த மலையில் ஏழு வருடம் பேஸ்மேக்கர் பரிசோதனை செய்திருக்கிறேன். தப்பு செய்ய அது போதுமான காலம்தான்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கே நாம் பேஸ்மேக்கர் பொருத்துவதில்லை. அது கீழே, சமவெளியில் உள்ள பெரிய மருத்துவமனையில் நடக்கிறது. தீப்பெட்டி அளவுக் கருவியை இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விடுகிறார்கள். இதயம் சோம்பும்போதெல்லாம் அந்தக் கம்பி ஒரு சின்ன மின் தட்டு தட்டும். இப்படிப் பொருத்திக்கொண்டு மலையேறி வருகிறவர்களை ஒரு வாரம் கழித்தும், அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறையும் நாம் பார்க்கிறோம். புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை.

பொருத்திய பின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி போவதில்லை என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் சில வாரங்களில் வரும் சிக்கல்கள் பெண்களுக்குக் கூடுதல். ரத்தக்குழாய் சிறியது, இதயச் சுவர் மெல்லியது, உடம்பு ஒல்லி, பல சமயம் வயதும் கூடுதல். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் இருக்கிறார்கள். நானும் இதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கினேன். அப்புறம் ஐந்து வருடம் அதை மறந்துவிட்டு வேலை பார்த்தேன்.

மறந்ததற்கு ஒரு காரணம், ஆண்களைப் பரிசோதிப்பது அவ்வளவு எளிது. ஆயக்குடியிலிருந்து கொய்யா லோடு ஏற்றிக்கொண்டு வரும் வியாபாரி ஒருவர் உண்டு. என் அறைக்கு வரும் முன்பே, வராந்தாவில் வைத்தே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம், "தையல் போட்ட எடம் தெரியுதா? தெரியாது. அப்படி வேல" என்று காட்டுவார். பொருத்திய டாக்டரே அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

பெண்கள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்ற மாட்டார்கள். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, உள்ளே சேலை முந்தானை, அதற்குள் ரவிக்கை. நம் கருவியின் உணர்பகுதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாலும் அளவுகள் வந்துவிடும் என்பதால், நானும் கழற்றச் சொன்னதில்லை. இங்கே ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மூன்று முறை வந்துபோனார். மூன்று முறையும் எல்லாம் நன்று என்று எழுதினேன். நாலாவது முறை, மின்விசிறி இல்லாத அறையில் வெயில் அடித்த ஒரு மதியம், அவரே சால்வையை எடுத்தார். முந்தானை மடிப்பைக் கருவி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஊக்கு குத்தி வைத்திருந்தார். தோல் சிவந்து கிடந்தது.

"மிஸ், டெய்லியா இங்க பின் குத்துறீங்க?"

"இருபத்தெட்டு இயர்ஸா அங்கதான் குத்துறேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

சொல்லவில்லைதான். அதற்கப்புறம் என் கேள்விப் பட்டியலில் ஊக்கைச் சேர்த்தேன். பட்டியல் முழுமையடைந்துவிட்டது என்று நினைத்தேன். அடையவில்லை என்பது இரண்டு வருடம் முன்பு, மே மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் தெரிந்தது.

பூம்பாறையிலிருந்து ஒரு தம்பதி. பெயர்களை மாற்றிவிடுகிறேன். அவர் குழந்தைவேலு, எழுபத்து மூன்று வயது. அவர் மனைவி வெள்ளையம்மாள், அறுபத்தெட்டு. மலைச்சரிவில் பூண்டு போடும் குடும்பம். குழந்தைவேலுவுக்கு அதற்கும் இரண்டு வருடம் முன்பே பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. ஒரு சின்னத் தொந்தரவுகூட வந்ததில்லை. வெள்ளையம்மாளுக்கு வைத்து எட்டு நாள். அதே டாக்டர், அதே மாதிரிக் கருவி. வீட்டில் இரண்டாவது என்பதால் யாருக்கும் பதற்றமில்லை. புது சைக்கிள் வாங்கிய வீட்டில் இரண்டாவது சைக்கிள் வந்த மாதிரி இருந்தார்கள்.

கணவருக்கு அன்று பரிசோதனை இல்லை. துணைக்கு வந்தவர். ஆனால் நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தவர் அவர்தான். வெள்ளையம்மாள் பின்னால், சுவரோரம், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். விட்டு விட்டு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

நான் பட்டியலை எடுத்தேன்.

"அம்மா, மயக்கம் வந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல தாயி" என்றார் குழந்தைவேலு.

"மூச்சு வாங்குதா?"

"ம்ஹூம். நேத்துக்கூட வெள்ளனே எந்திரிச்சு அடுப்புப் பத்த வச்சா."

"வலி?"

"ஒரு வாரத்துக்கு இருக்கும். எனக்கும் இருந்துச்சுல்ல? தையல் வலி. தானா வடிஞ்சிரும்."

பட்டியலில் இருந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. வெரசாக வந்தது. வெளியே இன்னும் பதினாறு பேர் காத்திருந்தார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

வெள்ளையம்மாளை மேசையருகே கூப்பிட்டுக் கருவியை வைத்தேன். இந்த முறை சால்வையை எடுக்கச் சொன்னேன், தையலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அளவுகள் வந்தன. இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவைப்படும் மின்சாரம், கீழே டிஸ்சார்ஜ் ஆனபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. முதல் வாரத்தில் அப்படிக் கூடுவது வழக்கம்தான். எல்லைக்குள்தான் இருந்தது. பாதுகாப்புக்காகக் கருவியின் மின் அளவை ஒரு படி ஏற்றி வைத்தேன்.

ஏற்றியதும் விக்கல் விடாமல் வந்தது.

குழந்தைவேலு சிரித்தார். "திருப்பூர்ல மூத்த மக இருக்கா. அவதான் நெனைக்கிறா. வைக்கும்போதும் வர முடியல, அதான்."

நான் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "ரொம்பத்தான் பாசம்போலம்மா உங்க பொண்ணுக்கு" என்றேன். வெள்ளையம்மாளும் சிரித்தார். நடுவில் விக்கல். எல்லோரும் சிரித்தோம். நான் தாளில் "புகார்கள்: இல்லை. நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதே மாதிரி ஒரு சீட்டு அவர்களுக்கும் கொடுத்தேன். அவர்கள் ஒன்றேகால் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

அந்தத் தாளை எடுத்து இன்றும் பார்ப்பேன். கையெழுத்து ரொம்ப அழகாக இருக்கும்.

ஒன்றே முக்காலுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே காலை வரைபடங்களைக் கோப்பில் அடுக்கினேன். வெள்ளையம்மாளின் இதயத் துடிப்பு வரைபடம் கையில் வந்தது. கருவி தட்டிய ஒவ்வொரு தட்டும் செங்குத்துக் கோடாக விழுந்திருக்கும் இல்லையா? அந்த ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்து, தரைக்கோட்டில் ஒரு சின்ன நடுக்கம். இங்கே குளிரில் நடுங்குகிறவர்களின் தாளிலும் நடுக்கம் வரும். ஆனால் குளிர் தாளம் போடாது. இது ஒன்றுவிடாமல், ஒரே தூரத்தில் விழுந்திருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

விக்கல் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் சுருங்குவதால் வருவது. கருவி தட்டும்போதெல்லாம் அது சுருங்குகிறது என்றால், கம்பியின் நுனி இதயத்தைத் தட்டுவதோடு நிற்கவில்லை. வெளியே இருப்பதையும் தட்டுகிறது. மெல்லிய சுவருக்குள் அது மெல்ல மெல்லத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கலாம். நான் மின் அளவை ஏற்றியபோது விக்கல் கூடியது. விடை என் கண் முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தது. மகளின் பாசம் என்று அதற்குப் பெயர் வைத்து அனுப்பியவள் நான்.

தாளில் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். என்னைவிட இரண்டு வயது இளையவர், நிதானமானவர்.

"சார், பூம்பாறை அம்மாவத் திருப்பிக் கூப்பிடணும்."

"ஏன்? ரீடிங் எல்லாம் நார்மல்னு சொன்னீங்களே?"

"நார்மல்தான். ஆனா விக்கல் ஒவ்வொரு தட்டோடயும் சேந்து வருது."

"விக்கலுக்காகவா பஸ்ஸை வெரட்டப் போறீங்க? சாயங்காலம் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை வரச் சொல்லலாமே?"

அவர் கேட்டது நியாயம். நான் வரைபடத்தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். சிரிக்காதீர்கள், எனக்கு எழுதினால்தான் யோசிக்க வரும். இடது பக்கம்: நான் போய், என் சந்தேகம் தப்பென்றால், ஒரு பெரியம்மாவுக்கு அரை நாள் வீண், எனக்குக் கொஞ்சம் அவமானம். வலது பக்கம்: நான் போகாமல், என் சந்தேகம் சரியென்றால். அதற்குக் கீழே எழுதத் தொடங்கிவிட்டு, எழுதாமலே ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். வெள்ளையம்மாளின் சொந்த இதயத் துடிப்பு மிகக் குறைவு. கம்பி பிடி விட்டால் அங்கேயே விழுவார். சுவரில் ஓட்டை விழுந்து ரத்தம் கட்டினால் இதயம் விரிய இடமிருக்காது. பூம்பாறையிலிருந்து அப்புறம் யார் கொண்டுவந்து சேர்ப்பது?

"நீங்க எக்கோ மெஷினை ஆன் பண்ணி வைங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சுற்றுலாப் பயணிகளை இந்த ஊர்க்காரர்கள் யாரும் வாழ்த்திக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் அன்று வாழ்த்தினேன். மே மாதம். மலைச்சாலை முழுக்கக் கார்கள். வளைவில் நிறுத்திவிட்டு, அடுக்கடுக்கான வயல்களைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஸ்கூட்டர் மட்டும் ஓரமாகப் போக முடிந்தது.

பின்படி வழியாக ஏறினேன். கண்டக்டர், "பின்னால எடமில்லம்மா, முன்னால வா" என்றார். "டிக்கெட் வேண்டாம், ஆள் வேணும்" என்றேன். வெள்ளையம்மாள் ஜன்னலோரம், முன்னிருக்கையின் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழந்தைவேலு.

"என்ன தாயி, வண்டியப் போட்டு வெரட்டிக்கிட்டு வந்திருக்க? மாத்திரச் சீட்ட விட்டுட்டு வந்துட்டமா?"

"இல்லங்கய்யா. அம்மாவத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும். எறங்குங்க."

"எதுக்கு?"

"ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

"நல்லாருக்குன்னு நீதான எழுதிக் குடுத்த? இந்தாருக்குல்ல சீட்டு." அவர் சட்டைப்பையிலிருந்து என் அழகான கையெழுத்தை எடுத்துக் காட்டினார்.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். புது விதிமுறை, கூடுதல் பரிசோதனை, டாக்டர் பார்க்க விரும்புகிறார் என்றெல்லாம் வாயில் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருப்பார்.

"எழுதுனேன்யா. நான் எழுதுனது தப்பு."

பின்னாலிருந்து யாரோ, "உசுரு சமாச்சாரத்துல தப்பா எழுதுவாங்களாக்கும்" என்றார். குழந்தைவேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்க பாரு, எனக்கும் இதே பொட்டிதான் வச்சிருக்கு. ரெண்டு வருசமா ஒரு நோக்காடு இல்ல. இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பூண்டு புடுங்கிப் போட்டுக் கெடக்கு தாயி" என்றார் வெள்ளையம்மாள், கம்பியிலிருந்து நெற்றியை எடுக்காமல். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "வெள்ளனே ஆளுக வந்துருவாக. மழ விழுந்தா அம்புட்டும் போச்சு. சோலிய முடிச்சுட்டு வாரேன்."

நான் குழந்தைவேலுவை எழுந்திருக்கச் சொன்னேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன், எழுந்துவிட்டார். அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா. ஐயாவுக்கு எப்படி இருந்துச்சுங்கறத விடுங்க. உங்களுக்கு எப்படி இருக்கு? வச்ச நாள்லேந்து சொல்லுங்க."

அவர் என் தோளுக்கு மேலே கணவரைப் பார்க்க முயன்றார். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து மறைத்தேன்.

"ரெண்டாம் நாள்லேர்ந்து தோள்பட்டைல குத்துது" என்றார். "மல்லாக்கப் படுக்க முடியல. மூச்ச இழுத்தா ஊசிய வச்சு அழுத்துறாப்புல இருக்கு. குனிஞ்சு உக்காந்தாத் தேவல. உள்ளுக்குள்ள யாரோ கதவத் தட்டுறாப்புல ஒண்ணு, அது ஓயவே மாட்டேங்குது."

பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க மாட்டார்கள்.

"காலைல ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா? கேட்டதுக்கெல்லாம் அவுகளே பதில் சொல்லிட்டாக." அவர் குரலில் கோபமில்லை. "அவுகளுக்கு ஒண்ணுமில்லயே, நாமதான் நோவு தாங்க மாட்டாம கெடக்கோம்போலன்னு இருந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தபோது குழந்தைவேலு மேலே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அப்புறம் குனிந்து, மனைவியின் மடியிலிருந்த துணிப்பையைத் தானே எடுத்துக்கொண்டார்.

"எறங்கு புள்ள."

"பூண்டு?"

"கெடக்கட்டும்."

"பூண்டு எங்க ஓடிரப் போவுது, நாங்க பாத்து அள்ளி வக்கிறோம், நீ போக்கா" என்றார் முன்னிருக்கைப் பெண். கண்டக்டர் விசில் ஊதினார். அரை மணி நேரமாக நின்ற நெரிசல் அந்த நிமிடம்தான் நகரத் தொடங்கியிருந்தது. நாங்கள் இறங்கும்வரை டிரைவர் நிறுத்திக் காத்திருந்தார், பின்னால் இருந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடிக்க.

ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. வழியில் மயங்கினால் என் முதுகில்தான் சாய்வார், எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலைத் தாண்டி வர ஒரு மணி நேரமாகும். எதிர்த்திசையில், டவுனுக்குப் போகும் பக்கம், சாலை காலியாக இருந்தது. காரட் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று வந்தது. கை காட்டி நிறுத்தினேன். டிரைவருக்கு வெள்ளையம்மாளைத் தெரிந்திருந்தது.

"என்ன சின்னம்மா, பஸ்ஸுல வராம இங்க நிக்கிறீக?"

"எறக்கி விட்டுட்டாகடா" என்றார் அவர். அவ்வளவு வலியிலும் கிண்டல்.

அவரை முன்னிருக்கையில், குனிந்து சாய்வதற்குத் துணிப்பையைக் கொடுத்து உட்கார வைத்தோம். கணவர் பின்னால் காரட் மூட்டைகளுக்கு மேல். நான் ஸ்கூட்டரில் அவர்களுக்கு முன்னால், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனேன்.

டாக்டர் எக்கோ கருவியை இரண்டு நிமிடம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார். இதயத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புப் பட்டை. இருக்கக் கூடாத இடத்தில் ரத்தம். இன்னும் குறைவுதான், ஆனால் இருந்தது. கம்பியின் நுனி, நிற்க வேண்டிய சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே பொருத்தியவர்கள் மேல் குற்றமில்லை. மெல்லிய சுவரில் சில சமயம் இப்படி நடக்கும். நடந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் நம் பொறுப்பு.

கீழே போன் செய்தோம். உடனே அனுப்பச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் டாக்டரும் நானும், என் மடியில் சோதனைக் கருவி. முன்னால் குழந்தைவேலு.

மலை இறங்குகிற அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தேன். காலையில் ஏற்றிய மின் அளவை இறக்கினால் விக்கலும் குத்தலும் குறையும், ஆனால் கம்பி சரியாகப் பதியாததால் துடிப்பு தவறலாம். அப்படியே விட்டால் துடிப்பு தவறாது, வலி தொடரும். மூன்றாவது வளைவில் வெள்ளையம்மாளுக்கு வலி தாங்கவில்லை. கீழே இருக்கும் டாக்டரைக் கேட்கலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் இல்லை.

"இறக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். "இதுல நீங்கதான் சொல்லணும்."

ஒரே ஒரு நிமிடம் இறக்கிப் பார்த்தேன். பத்துத் துடிப்பில் இரண்டு விழவில்லை. திரையில் கோடு தட்டையாக நீண்டபோது அவர் கண் செருகியது. பழைய அளவுக்கே ஏற்றினேன்.

"அம்மா, வலிக்கும். விக்கலும் வரும். ஆனா அது வர்ற வரைக்கும் உங்க இதயம் ஓடுதுன்னு அர்த்தம். தாங்கிக்கறீங்களா?"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா எண்ணிக்கிட்டாவது வந்திருப்பேன்ல" என்றார். சொன்னபடி எண்ணத் தொடங்கினார். நூறு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. அடிவாரத்தில் வத்தலக்குண்டு வரும்வரை எண்ணிக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே கம்பியைப் பின்னுக்கு இழுத்து வேறு இடத்தில் பொருத்தினார்கள். தேவைப்பட்டால் நெஞ்சைத் திறக்க அறுவைக் குழு தயாராக நின்றது. தேவைப்படவில்லை. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு வச்சப்ப ஆறு வாரம் ஒரு குடம் தண்ணி தூக்க விடல அவ. அவளுக்கு வச்ச நாலாம் நாளு, காப்பில சீனி கம்மின்னு சத்தம் போட்டேன் தாயி. எனக்கு ஒண்ணும் ஆகலேல்ல, அவளுக்கும் ஆகாதுன்னு இருந்துட்டேன்."

"நானும் அப்படித்தான்யா இருந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது ஆறுதலா, குற்ற ஒப்புதலா என்று எனக்கே தெரியாது. ஆனால் உண்மை. என் கேள்விப் பட்டியலை வேலைக்கு வந்த புதிதில் தயாரித்தேன். அப்போது வந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்கு என்ன வந்ததோ அதைக் கேட்கும் பட்டியல். குழந்தைவேலு தன் உடம்பை வைத்து மனைவிக்குப் பதில் சொன்னார். நான் அவரைப் போன்றவர்களின் உடம்பை வைத்து அவர் மனைவிக்குக் கேள்வி எழுதியிருந்தேன்.

இப்போது கோப்பில் இருக்கும் பட்டியல் வேறு. தோள்பட்டை, விக்கல், மல்லாந்து படுக்க முடிகிறதா, குனிந்தால் தேவலையா எல்லாம் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் நோயாளி தனியாக இருக்க வேண்டும், துணைக்கு வந்தவர் வெளியே தேநீர் குடிக்கட்டும். "பதில் சொன்னவர் யார்" என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். அதை நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், நன்று என்று எழுதிய பிறகும் தாளை ஒருமுறை பாருங்கள். தப்பென்று தெரிந்தால், யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் தப்பென்று சொல்லுங்கள். பஸ்ஸில் கேட்ட அந்த நாற்பது பேரில் பலர் இன்று நம்மிடம்தான் வருகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் முறை வந்தது. பெயரைக் கூப்பிட்டேன். குழந்தைவேலு எழுந்தார், உடனே உட்கார்ந்துவிட்டார்.

"மொத அவ. என்னையக் கேக்காதீக, எனக்கு என்ன தெரியும்? நான் போயி டீ குடிச்சிட்டு வாரேன்."

வெள்ளையம்மாள் உள்ளே வந்து கதவைத் தானே சாத்தினார். இருபத்தைந்து நிமிடம் பேசினார். நெஞ்சில் ஒன்றுமில்லை. முழங்கால் வலி, அந்த வருடப் பூண்டு விலை, கணவரின் குறட்டை எல்லாம் தெரிந்துகொண்டேன். அளவுகள் நன்றாக இருந்தன. கடைசியில் கேட்டார்.

"இந்தப் பொட்டி எத்தன வருசம் ஓடும்?"

திரையில் பார்த்துச் சொன்னேன். பத்து வருடத்துக்குக் குறையாது.

"அவுகளுக்கு?"

"ஐயாவுக்கு ஒரு ஆறு வருஷம். அப்புறம் மாத்தணும்."

விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்ப அவுகளுக்கு மாத்திட்டு இங்க காட்ட வாரப்ப நான்தான் கூட வரணும். வாரேன். வந்து, கேக்குறதுக்கெல்லாம் நானே பதில் சொல்லிக்கிறேன்."

அன்று அந்த அறையில் இருக்கப்போவது நீங்கள்தான். அவர் நன்றாகப் பேசுவார், உங்களுக்குப் பிடித்துப்போகும். இருந்தாலும் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.